நீலப்பெட்டி, சிவப்புப்பெட்டி

…நம்பிக்கையானது எதுன்னு கேக்கறீங்க பாருங்க, அங்கதான் சார் எனக்கு வயித்தெரிச்சல். சிடி டிரைவ் எது நல்லதுன்னு கேளுங்க, கண்ண மூடிக்கிட்டு சொல்றேன். அழிச்சு அழிச்சு எழுதற ரீரைட்டபிள் சிடி எது நல்லதுன்னு கேளுங்க, டப்பாவோட தூக்கிக் குடுக்கறேன். நம்பிக்கையான சாஃப்ட்வேர் எதுன்னா நான் என்னத்தச் சொல்ல? நம்பிக்கையான மாப்பிள்ள எவருன்னு கேக்கற மாதிரி இருக்கு. கட்டிக் குடுத்த பெறகுதான தெரியும்.

உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் சரியில்ல. இந்த மானிட்டர் அட்டைப்பெட்டி மேல உக்காருங்க. தாங்கும் சார், நான் தெனமும் மத்தியானம் அதுலதான் சாப்பிடறேன்.

உங்களுக்கு என்ன வேணும்னு எனக்குப் புரியுது. சிடிய ஃப்ளாப்பி மாதிரி வெச்சுக்கணும். ஃபைல இழுத்துப் போட்டா எழுதிக்கணும். வேணாம்னா அத மட்டும் அழிச்சுக்கணும். ஒரு பக்கம் லெட்டர் மாத்தினதுக்கு மொத்த சிடியையும் மறுபடி எழுதிக்கிட்டு இருக்கக் கூடாது. அதான, பாக்கெட் ரைட்டிங். பொட்டலம் பொட்டலமாக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமா எழுதும். கேக்க நல்லாத்தான் இருக்கும். ஏட்டுச் சுரைக்காயும் கேக்க நல்லாத்தான் இருக்கு.

என்கிட்ட அதுக்கு ரெண்டு சாஃப்ட்வேர் இருக்கு. அந்த அலமாரியில பாருங்க, நீலப்பெட்டி, சிவப்புப்பெட்டி. டிரைவோட சும்மாவே ஒண்ணு வரும், அதப் பத்திப் பேச வேணாம். தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்காதம்பாங்க. நான் பாத்துட்டேன் சார், பல்லே இல்ல.

நீலப்பெட்டி இருக்கே, அது நிதானம். புது சிடிய உள்ள போட்டா மொதல்ல ஃபார்மட் பண்ணணும். நாப்பது நிமிசம். நீங்க போயி குளிச்சு, தல தொவட்டி, சாப்பிட்டு, கை கழுவிட்டு வந்தாலும் அறுபத்தெட்டு பர்சன்ட்ல நிக்கும். ஆனா எழுதினா எழுதினதுதான். ஒரே ஒரு சங்கடம், வேற கம்ப்யூட்டர்ல போட்டா முழிக்கும். அங்கயும் அதோட ரீடர்னு ஒண்ண ஏத்தணும். சிவப்புப்பெட்டி சுறுசுறுப்பு. சிடிய உள்ள தள்ளி ரெண்டு நிமிசத்துல எழுத விட்டுரும், மிச்சத்த அதுபாட்டுக்குப் பின்னால பண்ணிக்கும். திரையில ஒரு சிடி வந்து சிரிக்கும் சார். கண்ணு, மூக்கு எல்லாம் வெச்சு.

எது நல்லதா? அதத்தான் சொல்ல வர்றேன், இருங்க.

என் அக்கா வீட்டுக்காரர் ஒருத்தர் இருக்காரு. என் மச்சான். நகரசபையில பூங்காப் பிரிவுல வேல. நீங்ககூடப் பாத்திருப்பீங்க. தெருவுல மரத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டு ஒருத்தர் நிப்பாரே, கையில டேப்போட, அவருதான். கட்டிப் புடிக்கல சார், சுத்தளவு எடுப்பாரு. சுத்தளவு, உயரம், எந்தக் கெளையில என்ன கூடு, எல்லாம். வேல நேரத்துல இல்ல, லீவு நாள்ல. நாங்க வெச்ச பேரு மரக்கணக்கு. அக்காவே அப்படித்தான் கூப்பிடுவா. ‘மரக்கணக்கு குளிக்கப் போயிருக்கு, அப்புறமா பேசு’ம்பா.

எதுக்கு அளந்தாருன்னா, மேற்கால போற பெரிய ரோட்ட அகலப்படுத்தறதுக்கு மரத்தையெல்லாம் எடுக்கணும்னு ஒரு திட்டம். அறுநூத்திப் பன்னெண்டு மரம். அதுல நானூத்திச் சொச்சம் மரத்த எடுக்க வேண்டிய அவசியமே இல்ல, ரோட்ட இந்தப் பக்கம் ஒரு முழம் தள்ளினா போதும்னு இவரு சொன்னாரு. சும்மா சொன்னா யாரு கேப்பா? ஒவ்வொரு மரத்தையும் போட்டோ எடுத்து, அளவு போட்டு, படம் வரைஞ்சு… மூணு வருச உழைப்பு சார். எல்லாத்தையும் ஒரே ஒரு சிடியில வெச்சிருந்தாரு. புதுசா ஒரு மரம் அளந்தா இழுத்துப் போடுவாரு. அதுக்காகத்தான் ரீரைட்டபிள். டிரைவ் நான்தான் குடுத்தேன், நீலப்பெட்டியும் நான்தான் ஏத்திக் குடுத்தேன்.

விசாரண நாள் வந்துச்சு. பெரிய ஹால், நூறு பேரு. கோட்டு போட்டுக்கிட்டுப் போனாரு, அவருக்குக் கோட்டே கெடையாது, என்னுது. அங்க இருந்த கம்ப்யூட்டர்ல ரீடர முன்னாடி நாளே ஏத்தி வெச்சாச்சு. சிடியப் போட்டாரு. காலி.

காலி சார். ஒரு ஃபைல் இல்ல. நூறு பேரும் வெள்ளத் திரையப் பாத்துக்கிட்டு இருக்காங்க. இவரு வெளிய எடுத்து, சட்டையில தொடச்சு, மறுபடி போட்டாரு. காலி. தலைவரா இருந்த அம்மா நல்லவங்க, இன்னொரு தவண தர்றேன்னாங்க. யாரோ பின்னாலேர்ந்து ‘மரமெல்லாம் எறங்கி நடந்து போயிருச்சு போல’ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் அங்கதான் ஒக்காந்திருந்தேன்.

இல்ல சார், நான் சிரிக்கல. கிட்டத்தட்ட.

அன்னிக்கு அக்கா வீட்டுல சாப்பிட ஒக்காந்தோம். என்ன ஆச்சுன்னு அக்கா கேட்டா. நான் கடைக்காரன், எனக்குத் தெரியாம இருக்குமா? எடுத்தேன் வாய. ‘மச்சான் எழுதி முடிக்கறதுக்குள்ள பட்டனத் தட்டி சிடிய உருவியிருப்பாரு, அவசரக்குடுக்க’ன்னேன். சாஃப்ட்வேர் மேல தப்பே இல்லன்னேன். அவரு பெத்த பொண்ணு முன்னாடி, என் வீட்டுக்காரி முன்னாடி.

மச்சானப் பத்தி உங்களுக்குத் தெரியாது. அந்த மனுசன் கால் மணி நேரம் பல்லு வெளக்குவாரு. சிடி எழுதும்போது டிரைவ்ல சின்ன வெளக்கு எரியும்ல, அது அணைஞ்ச பெறகும் பத்து எண்ணுவாரு. வாய்விட்டு எண்ணுவாரு சார். அவரப் பாத்து அவசரக்குடுக்கன்னேன். அவரு தட்டப் பாத்துக்கிட்டே ‘நான் உருவல’ன்னாரு. ரெண்டே வார்த்த. நான் விடுவேனா? மேல ஒரு அர மணி நேரம் வெளக்கம் குடுத்தேன். லேசர்னா என்ன, சூடுன்னா என்னன்னு. அவரு எந்திரிச்சுக் கை கழுவிட்டு உள்ள போனவருதான். எட்டு மாசம் ஆச்சு. பேச்சுவார்த்த கெடையாது. கோட்டு மட்டும் இஸ்திரி போட்டு அக்கா கையில வந்துச்சு.

இந்த எட்டு மாசத்துல என்ன பண்ணினாருங்கறீங்க? மறுபடி மொதல்லேர்ந்து அளந்தாரு. அறுநூத்திப் பன்னெண்டையும். மழையில அக்கா கொட புடிக்க, இவரு டேப்பச் சுத்த. நான் பஸ்ஸுல போகும்போது ஜன்னல் வழியாப் பாப்பேன். எறங்கி டேப்போட மறுமுனையப் புடிக்கலாம்னு தோணும். அதுக்குள்ள என் ஸ்டாப் தாண்டிரும்.

வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஒரு நகல் இருந்திருக்கணுமேன்னு நெனைக்கறீங்க. சரியான கேள்வி. இருந்துச்சு. அழிச்சாச்சு. யாரா? அது வந்து… டிஸ்க்குல எடம் அடைக்குதுன்னு… சிடியிலதான் பத்திரமா இருக்கேன்னு… நான்தான் சார். விசாரணைக்கு முன்னாடி ஒரு நாள் போயிருந்தப்ப, மச்சான் மெஷின் மெதுவா ஓடுதேன்னு சுத்தம் பண்ணிக் குடுத்தேன். கேக்காமயே பண்ற உதவி.

அதோட விட்டிருந்தாலும் பரவால்ல. இந்த நீலப்பெட்டி ரொம்ப மெதுவா எழுதுதேன்னு பாத்தேன். கையில சிவப்புப்பெட்டி புதுசா வந்திருந்துச்சு. மச்சானுக்கு ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்னு அதையும் ஏத்திட்டேன். நீலத்த எடுக்கல. எதுக்கு எடுக்கணும், ஒண்ணுக்கு ரெண்டா இருந்தா ரெண்டு மடங்கு பத்திரம்தானேன்னு.

நீங்க தலையில கை வெக்கறீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குப் போன வியாழக்கிழமதான் தெரிஞ்சுது. இந்தா, இந்த மெஷின்லதான். சிவப்புப்பெட்டி ஓடுதான்னு ஒருத்தர் பாக்கணும்னாரு, ஏத்திக் காட்டினேன். நீலம் ஏற்கெனவே உள்ள இருக்கு. அவரு போன பெறகு என்னோட சிடியப் போட்டேன். நாலு வருசமாச் சேத்த டிரைவர் ஃபைல் எல்லாம் அதுல. மொத நாள் எல்லாம் தெரிஞ்சுது. மறுநாள் மெஷினப் போட்டதும் காலி. ஒரு உறையில ரெண்டு கத்தி சார். ரெண்டும் ஒரே டிரைவ எனக்கு ஒனக்குன்னு புடிக்குது. எந்த ஃபைல் எங்க இருக்குன்னு ஒண்ணு எழுதின அட்டவணைய இன்னொண்ணு தப்புன்னு நெனச்சுத் திருத்துது. திருத்தித் திருத்தி ஒண்ணுமே இல்லாம ஆக்கிருது. நான் ஒரு உருவும் உருவல, ஒரு பட்டனும் தட்டல. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான தெரியுது.

அன்னிக்கே போயிருக்கணும். நீங்க சொல்லவே வேணாம், உங்க மொகமே சொல்லுது. வெள்ளிக்கிழம கடையில கூட்டம். சனிக்கிழம… சனிக்கிழம கூட்டம் இல்ல. போன் பண்ணினேன். அவரே எடுத்தாரு, வெச்சுட்டேன்.

இன்னிக்குக் காலையில அக்கா பேசறா. நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணையாம், இதுதான் கடைசித் தவணையாம். ‘ஒங்க மச்சான் எல்லாத்தையும் சிடியில எழுதிட்டாருடா, நேத்து போட்டுப் பாத்தாரு, எல்லா மரமும் இருந்துச்சு’ங்கறா. எதுல எழுதினாரு? அதே மெஷின்ல. நீலமும் சிவப்பும் உள்ள கட்டிப் பொரண்டுக்கிட்டு இருக்கற அதே மெஷின்ல. நான் என்ன சொல்லியிருக்கணும்? ‘சரிக்கா, கொட எடுத்துக்கிட்டுப் போங்க’ன்னேன்.

எந்திரிக்காதீங்க, எந்திரிக்காதீங்க. உங்களுக்கான பதில் இதுதான். நீலம் வேணாலும் வாங்குங்க, சிவப்பு வேணாலும் வாங்குங்க. ஆனா ஒண்ணே ஒண்ணு. முன்னாடி இருக்கறத எடுத்துட்டு, மெஷின ஒரு தடவ அணைச்சுப் போட்டு, அப்புறம் ஏத்துங்க. முக்கியமானத ஒரே தடவ எழுதற சாதா சிடியில இன்னொரு நகல் போட்டு வேற அலமாரியில வெச்சிருங்க. இதச் சொல்ல ரெண்டு நிமிசம் போதும்னு நீங்க நெனைக்கறது தெரியுது.

நீலமா? நல்லது. இந்தாங்க.

சார், ஒரு சின்ன உதவி. இந்தக் கவர்ல ரெண்டு சாதா சிடி இருக்கு, ஒரு சீட்டு இருக்கு. என்ன பண்ணணும், எத எடுக்கணும், எல்லாம் எழுதியிருக்கேன். இந்தத் தடவ மெஷின்ல நகல் வெச்சிருக்காரு, அக்காவக் கேட்டுக்கிட்டேன். அதுலேர்ந்து எடுத்து இதுல எழுதிட்டா போதும், வேல முடிஞ்சுது. மச்சான் வீடு ரெண்டு தெரு தள்ளித்தான். நீங்க போற வழியில அப்படியே குடுத்துட்டா… யாரு குடுத்தாங்கன்னு கேக்க மாட்டாரு, அவரு எதையுமே கேக்க மாட்டாரு.

…

ம்.

நீங்க சொல்றது ஞாயம். சீட்டப் பாத்து அவரு பண்றதுக்குள்ள விசாரணையே முடிஞ்சுரும். வரிக்கு வரி பத்து எண்ணுவாரு. நான்தான் போய் ஒக்காரணும். தெரியுது. தெரியாமயா மூணு தடவ ஷட்டர எறக்கி ஏத்தினேன்.

அந்தப் பக்கத்த கொஞ்சம் புடிங்க, இந்த ஷட்டர் ஒரு கையில வராது. அப்படித்தான். நீங்க எந்தப் பக்கம்? வலப்பக்கமா? மச்சான் வீடு இடப்பக்கம். பரவால்ல, சுத்திப் போலாம், பத்து நிமிசம். கதவ அவருதான் தெறப்பாரு. அதுவரைக்கும் என் பக்கத்துல நில்லுங்க, போதும். அப்புறம் நீங்க கெளம்பிருங்க, நான் புடிச்சு வெக்கல.

நான் சொல்ல வேண்டியதும் ரெண்டே வார்த்ததான். இத்தன வருசமா நிறுத்தாமப் பேசறேன், அந்த ரெண்டு வார்த்தைய ஒரு தடவகூடச் சொன்னதில்லன்னு வியாழக்கிழமதான் கவனிச்சேன். உங்ககிட்ட ஒருவாட்டி சொல்லிப் பாக்கட்டுமா? நீங்கதான் மச்சான்னு வெச்சுக்குங்க. அப்படியே பேசாம என்னப் பாருங்க, அவரும் அப்படித்தான் பாப்பாரு.

மச்சான்… தப்பு…

உங்ககிட்டயே வரமாட்டேங்குது. நடங்க சார், போற வழியில வந்துரும்.