பதினேழுக்கு நேராக

— மூணு மணி நேரமா திரையில அதே 'தயார் செய்கிறோம்'தான் நிக்குது. அப்பாவை என்ன, கல்யாணத்துக்கா தயார் பண்றாங்க?

— உக்காருக்கா. நீ நடக்குற நடைக்குத் தரை தேஞ்சிடும்.

— பயமா இருக்குடா. நெஞ்சைத் திறக்கப் போறாங்க. நீ என்னடான்னா பஸ்ஸுக்குக் காத்திருக்குற மாதிரி காலை ஆட்டிக்கிட்டு இருக்க.

— அந்தத் திரையில ஓடுறதே நான் எழுதின பக்கம்க்கா. உள்ள நர்ஸ் கம்ப்யூட்டர்ல மாத்தின அடுத்த நொடி சர்வர் இங்க சொல்லிடும். அப்பா நம்பர் பதினேழுக்கு நேரா மாறலைன்னா உள்ளயும் ஒண்ணும் மாறலைன்னு அர்த்தம். நம்பு.

— நம்புறேன் நம்புறேன். போன வருஷம் அம்மாவுக்கு இங்கதானே பண்ணாங்க? நர்ஸே கதவைத் திறந்து, பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க.

— இப்ப அவங்களுக்கு அந்த அலைச்சல் கிடையாது. அதுக்குத்தான் திரை.

— சரி, சொல்லு பாப்போம். பதினாலு யாரு?

— இங்க உக்காந்திருந்தாங்களே கண்ணாடி போட்ட அம்மா, அவங்க வீட்டுக்காரர். 'அறுவை நடக்கிறது.'

— அவரை இப்பதான் வார்டுக்குத் தள்ளிட்டுப் போனாங்க. லிஃப்ட் கதவைப் பிடிச்சுக்கிட்டதே நான்தான்.

— வேற யாராவது இருக்கும்க்கா.

— அந்த அம்மா கூடவே போனாங்கடா! டாக்டர் வந்து முடிஞ்சதுன்னு சொன்னதும் அழுதுகிட்டே என் கையைப் பிடிச்சாங்க.

— இரு... இரு.

— என்னடா முழிக்கிற?

— சர்வரோட இணைப்பு அறுந்திருந்தா... திரை கடைசியா வந்ததையே காட்டிக்கிட்டு நிக்கும்.

— அறுந்து போச்சுன்னு வாயைத் திறந்து சொல்லாதா?

— மேல சிவப்புல ஒரு வரி வர்ற மாதிரிதான் எழுதியிருந்தேன். அப்புறம் நானே எடுத்துட்டேன்.

— எதுக்கு?

— சிவப்பைப் பாத்ததும் எல்லாரும் பதறிப்போய் கதவைத் தட்டுறாங்களாம். ஆஸ்பத்திரியில எடுக்கச் சொன்னாங்க.

— தட்டட்டுமே! நானும் வந்ததுலேருந்து தட்டுறேன்னுதானே சொல்றேன்? நீதான் கையைப் பிடிச்சு உக்கார வெச்ச.

— அறுந்த இணைப்பு தானா ஒட்டிக்கும்க்கா. ஆனா ஒட்டினதும், நடுவுல என்னென்ன மாறிச்சுன்னு சர்வர்கிட்ட முதல்லேருந்து கேக்கணும். அதை... அடுத்த வாரம் எழுதிக்கலாம்னு விட்டுட்டேன்.

— உன் போனை எடு. அந்தப் பக்கத்தைப் புதுசாத் திற.

— திறந்துட்டேன்க்கா. நீயே பாரு.

— குடு இங்க. பதினஞ்சு... பதினாறு...

— முடிஞ்சிடுச்சா? அப்பா கண்ணு முழிச்சிட்டாரா? நம்மளத் தேடுறாரா? சொல்லேன்க்கா!

— இன்னும் ஆரம்பிக்கவே இல்லடா. 'உறவினர் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறோம்'னு போட்டிருக்கு. ரெண்டே முக்கால் மணி நேரமா.