லிசாந்த்ரோவின் மண்வாரி

ஜனவரிக் கோடையில் எங்கள் மலையில் கறுப்பு உடுத்தக்கூடாது. தாபனோ மொய்க்கும். குதிரை ஈயில் ஒரு வகை அது. கட்டைவிரல் நகத்தளவு இருக்கும், சட்டைக்கு மேலேயே கடிக்கும். கறுப்பும் கருநீலமும் அதற்குப் பிடித்த நிறங்கள். நீங்கள் வெள்ளைச் சட்டையில் வந்திருக்கிறீர்கள். யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

என் மனைவி நெரேயா இறந்தபோதும் நான் கறுப்பு உடுத்தவில்லை. ஊரில் அதைப் பற்றிப் பேசினார்கள். காரணம் ஈதான். மறுவாரம் வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

நெரேயா மட்டும் எப்போதும் கறுப்புதான் போடுவாள். "ஈயவிட வேகமாப் போனா அது எப்படிக் கடிக்கும்?" என்பாள். கீழே ஊர்ப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. கோடை விடுமுறையில் மதியம் ஆனதும் சைக்கிளை, கம்பியில் மலையேறும் தொங்கு நாற்காலியின் கொக்கியில் மாட்டிக்கொண்டு மேலே வந்துவிடுவாள். இறங்கும்போது பிரேக்கைத் தொடமாட்டாள். மரங்களுக்குள் வருவது அவள்தான் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். மற்றவர்களின் சக்கரம் வளைவுகளில் கிறீச்சிடும். அவளுடையது சீராக உறுமிக்கொண்டே வரும்.

குளிர்காலத்தில் எங்கள் மலை பனிச்சறுக்கு ஆடுகிறவர்களுக்கு. பனி போன பிறகு அதே சரிவில், லெங்கா மரங்களுக்கு நடுவே, சைக்கிளுக்கான ஒற்றையடிப் பாதைகளைத் திறப்போம். பாதை வெட்டுவது, பராமரிப்பது எல்லாம் இரண்டு பேர். நானும் லிசாந்த்ரோவும். இருவரும் கல்லூரியில் ஒன்றாக வனவியல் படித்தோம். நான் தேறினேன். அவன் தேறவில்லை. அதைப் பற்றி அவனே எல்லோரிடமும் சிரித்துக்கொண்டு சொல்வான். நான் அவனைக் குண்டா என்பேன். அவன் என்னை ஒல்லி என்பான். என் பெயர் ததேயோ என்பதை மறந்தே போனவன்.

தாபனோ என்று ஒரு பாதைக்கும் பெயர் உண்டு. அதன் நடுவில் "மேசை" என்று ஒரு மண்மேடு. லிசாந்த்ரோ கட்டியது. ஒரு முனையில் எழும்பி, மேலே தட்டையான பகுதியைக் காற்றிலேயே கடந்து, மறுமுனையின் சரிவில் இறங்க வேண்டும். எழும்பும் இடத்திலிருந்து இறங்கும் இடம் தெரியாது. சரிவு சரியாக இருந்தால் சக்கரம் தரையைத் தொட்டதே உறைக்காது. சரிவு இல்லாவிட்டால் அந்த உயரம் முழுவதையும் உடம்பு வாங்கிக்கொள்ளும்.

எங்கள் மண் எரிமலைச் சாம்பல். காய்ந்தால் மாவு போல் உதிரும். அதனால் இறங்கும் சரிவை அடிக்கடி வெட்டி, நனைத்து, மறுபடி கட்ட வேண்டும். அப்படி வெட்டுகிறவன் தன் மண்வாரியை எழும்பும் முனையில், பாதையின் நட்டநடுவே, நட்டுவைக்க வேண்டும். மண்வாரி நின்றால் வழி இல்லை. நட்டவனைத் தவிர யாரும் அதைப் பிடுங்கக்கூடாது. நிர்வாகம் சங்கிலி கட்டிப் பார்த்தது, பலகை வைத்துப் பார்த்தது. ஓட்டுகிறவர்கள் சங்கிலியைத் தூக்கிவிட்டுப் போனார்கள். மண்வாரிக்கு மட்டும் நின்றார்கள். அது இல்லை என்றால் யாரும் வேகத்தைக் குறைக்கமாட்டார்கள். இறங்கிப் பார்க்கவும் மாட்டார்கள்.

லிசாந்த்ரோவின் மண்வாரிப் பிடியில் சிவப்பு நாடா சுற்றியிருக்கும். என்னுடையதில் பழைய டியூப்.

போன ஜனவரியில் அவன் மேசையின் சரிவை வெட்டிப் போட்டுவிட்டு, தண்ணீர்க் குழாய் எடுத்து வர மேலே போயிருந்தான். நெரேயா வந்தாள். எழும்பும் முனையில் மண்வாரி இல்லை.

லிசாந்த்ரோ எல்லோர் முன்பும் சொன்னான், "நட மறந்துட்டேன்" என்று. மேலாளரிடம் சொன்னான், போலீஸிடம் சொன்னான், தன் தாயிடமும் அதையே சொன்னான். அவனாகத்தான் சொன்னான். நான் சொல்லச் சொல்லவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். விபத்து என்று முடித்தார்கள். அவனை வேலையை விட்டு நீக்குவதா என்று என்னிடம் கேட்டார்கள். இருக்கட்டும் என்றேன். பெரிய மனது என்றார்கள்.

அதன் பிறகும் ஒன்றாகவே வேலை செய்தோம். காலையில் எங்கள் கருவிக் குடிசையில் அவன்தான் மாத்தே இலைத் தேநீர் போடுவான். ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல், கை மாறி மாறிப் போகும். என் முறை வரும்போது மட்டும் கொஞ்சம் சர்க்கரை போடுவான்.

"சக்கர போட்ட மாத்தே குடிக்கிறவன இந்த மலையில ஏத்தக்கூடாதுடா ஒல்லி. ஏதோ போனாப் போகுதுன்னு விடுறேன்."

வியாழக்கிழமைகளில் அவன் தாய் டோன்யா எல்விரா எனக்கென்று எண்ணெயில் பொரித்த ரொட்டிகளைத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்புவாள். நான் சாப்பிட்டேன். நன்றாகவே இருக்கும்.

ஊர் அவனை விடவில்லை. மதுக்கடையில் ஒருமுறை, தொங்கு நாற்காலியை இயக்கும் ஆள் குடித்துவிட்டு, "குண்டன் பக்கத்துல உக்காராதீங்கப்பா, நாற்காலிக்கு ஆணி அடிக்க மறந்திருப்பான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். லிசாந்த்ரோ திரும்பினான். என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அந்தப் பார்வையைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். அதில் கோபம் இல்லை. பயமும் இல்லை. வீட்டில் காய்ச்சலாகக் கிடக்கிறவனைப் பார்ப்பது போல் இருந்தது. ஒருவனுடைய மனைவியைச் சாகவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறவன் அவனை அப்படிப் பார்க்கக்கூடாது. ஆண்டு முழுவதும் பார்த்தான். மாத்தே தரும்போது, சைக்கிளைத் தூக்கும்போது, மழையில் ஒதுங்கி நிற்கும்போது. நான் யோசித்துப் பார்த்தேன். அவன் இருக்கும் வரை அது நிற்காது என்று தெரிந்தது. இதில் கோபப்பட ஒன்றும் இல்லை. பாதையில் மரம் விழுந்து கிடந்தால் அறுக்கிறோம்.

அவனை மேசைக்கு ஏற்றுவதுதான் சிரமமாக இருந்தது. நெரேயாவுக்குப் பிறகு அவன் அதைத் தாண்டவே இல்லை. காலையில் பாதையைத் திறக்கும் முன் முதல் ஓட்டம் எங்களுடையது. அவன் மேசைக்கு முன்னால் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போய்விடுவான். அதனால் அவனிடம் பேச வேண்டியிருந்தது.

"நாளைக்கு நீ மேசையத் தாண்டணும் குண்டா" என்றேன்.

அவன் குடுவையைக் கீழே வைத்தான். "விடுடா ஒல்லி. வயசாயிருச்சு. தொப்பை இறங்கினப்புறம் நான் இறங்குவேன்."

"நெரேயா இருந்தா உன்னக் கிண்டல் பண்ணியே கொன்னுருப்பா."

"பண்ணுவா" என்றான். பிறகு, "உனக்கு அது வேணுமா?" என்று கேட்டான்.

"வேணும். நான் கீழ நிக்கிறேன். நீ வா. அதோட முடிச்சுக்கலாம்."

அவன் கண் கலங்கியது. முதுகைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினான். "சரி. ஒண்ணே ஒண்ணு சொல்றேன் கேளு. அன்னிக்கு நடந்ததப் பத்தி நான் யார்கிட்டயும் வாயத் திறக்கல. இனியும் திறக்கமாட்டேன். எங்கம்மாகிட்டகூட. நீ அத நெனச்சுத் தூக்கத்தக் கெடுத்துக்காத."

"தெரியும்" என்றேன்.

அன்று தொங்கு நாற்காலி நின்ற பிறகு, எல்லோரும் இறங்கிவிட்டார்கள். இங்கே கோடையில் வெகு நேரம் வெளிச்சம் இருக்கும். நான் மேசைக்குப் போனேன். குழி எதுவும் தோண்டவில்லை. மேசையில் குழி இருந்ததாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள், அது தவறு. இறங்கும் சரிவை மட்டும் எடுத்தேன். மண்ணை இரண்டு பக்கமும் ஒதுக்கி, தரையை மட்டமாக்கி, அடித்து இறுக்கி, நனைத்தேன். சுத்தமான வேலை. அவனுடைய மண்வாரியால்தான் செய்தேன். பிறகு அதைக் கழுவாமல் குடிசையில் அதன் இடத்தில் சாய்த்துவைத்தேன்.

மறுநாள் காலை அவன் மாத்தே நீட்டினான். ஒருமுறை குடித்துவிட்டு, "நன்றி" என்றேன். மாத்தே தருகிறவனிடம் நன்றி சொன்னால் இனி வேண்டாம் என்று பொருள். "என்னடா, ஒண்ணோட நிறுத்திட்ட?" என்றான். வயிறு சரியில்லை என்றேன். "அப்ப சக்கரைதான் காரணம். நான் சொல்லல?" என்று சிரித்தான். புதிதாகத் துவைத்த மஞ்சள் சட்டை போட்டிருந்தான்.

நான் முன்னால் இறங்கி, மேசைக்குக் கீழே போய் நின்றேன். கீழே ஒருவன் நின்றால், மேலிருப்பவன் அவன் குரலுக்காகக் காத்திருப்பான். பாதை சரியாக இருந்தால் "லீப்ரே" என்று கத்த வேண்டும். காலி, வரலாம் என்று அர்த்தம். அதைக் கேட்ட பிறகு யாரும் இறங்கிப் பார்ப்பதில்லை.

மேலே அவன் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. மரங்களுக்கு இடையில் அந்த மஞ்சள் கொஞ்சம் தெரிந்தது.

"பாத்தியாடா ஒல்லி?" என்று கேட்டான்.

"லீப்ரே" என்றேன்.

வழக்கமான குரலில்தான் சொன்னேன். கத்தக்கூட இல்லை. அவ்வளவு அமைதியாக இருந்தது காலை.

அவன் காற்றில் இருந்தபோது தரையைப் பார்த்துவிட்டான். அது எனக்குத் தெரிந்தது. தரையைப் பார்த்தவன் அடுத்து என்னைத்தான் பார்த்தான். கோபமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அதே பார்வைதான்.

சிறிது நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஈக்கள் வரத் தொடங்கின, ஓட்டினேன். பிறகு வாக்கி-டாக்கியில் ஆட்களைக் கூப்பிட்டேன். அவர்கள் வந்து சரிவைப் பார்த்தார்கள். குடிசையில் ஈர மண்ணோடு இருந்த சிவப்பு நாடா மண்வாரியைப் பார்த்தார்கள். முந்தின நாள் வெட்டிவிட்டு நட மறந்திருக்கிறான், காலையில் அதையும் மறந்து தாண்டியிருக்கிறான் என்றார்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவன் மூளை சரியில்லை என்றார்கள். நான் மறுக்கவில்லை.

நேற்று அடக்கம் முடிந்தது. டோன்யா எல்விரா கறுப்பு உடுத்தியிருந்தாள். கல்லறைத் தோட்டத்தில் ஈக்கள் அவள் முதுகு முழுவதும் அப்பிக் கிடந்தன. அவள் ஓட்டவே இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுரு கண்ணு. மறுபடியும் மறந்துட்டான் பாரு. நல்லவேள, இந்த வாட்டி வேற யாரும் போகல. அவனே போயிட்டான். உன் முகத்துல முழிக்கவே எனக்கு வெக்கமா இருக்கு."

அதனால்தான் போலீஸைத் தேடி வந்தேன். தூக்கம் வரவில்லை என்றெல்லாம் இல்லை, நன்றாகத் தூங்கினேன். ஆனால் அவள் அப்படி நினைத்துக்கொண்டிருப்பது முறை இல்லை. அவள் மகன் கவனக்குறைவானவன் இல்லை. இந்த முறை அவன் எதையும் மறக்கவில்லை. சரிவை எடுத்தவன் நான், லீப்ரே என்று சொன்னவன் நான். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

போன ஆண்டைப் பற்றிக் கேட்கிறீர்கள். போன ஆண்டும் அவன் மறக்கவில்லை. மண்வாரியை நட்டுவிட்டுத்தான் மேலே போனான். கீழ் வளைவில் தண்ணீர் பாதையை அரித்துக்கொண்டிருந்தது. என் மண்வாரியின் பிடி உடைந்துவிட்டது. அவனுடையது மேசைமேல் நின்றது. ஒரு நிமிட வேலைதானே என்று பிடுங்கிக்கொண்டு இறங்கினேன். வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே அவள் வரும் சத்தம் கேட்டது. பிரேக் இல்லாத சத்தம். லிசாந்த்ரோ ஓடி வந்தபோது மண்வாரி என் கையில் இருந்தது. அவன் அதை என் கையிலிருந்து வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டான்.

இதை எழுத வேண்டாம். நீங்கள் கேட்க வந்தது லிசாந்த்ரோவைப் பற்றி. அவளுடையது விபத்து.