இறுகாத பனி

வசந்தகாலத்தில் சுவிஸ் நாட்டின் எங்கடீன் பள்ளத்தாக்கில் யாரும் காலை உணவை ஆற அமரச் சாப்பிடுவதில்லை. இரவுக் குளிரில் இறுகிய பனி, வெயில் ஏறினால் இளகிவிடும். அதற்குள் மலையேறி இறங்கிவிட வேண்டும். வழிகாட்டியான என் பிழைப்பே இந்தக் கணக்கில்தான் ஓடியது.

அன்று மலைக்குடிலில் நான் ஆற அமரத்தான் சாப்பிட்டேன். என் மருமகன் குர்தின் பனிச்சறுக்குக் கட்டைகளைத் தயாராக வைத்துவிட்டுக் காத்திருந்தான்.

"மாமா, நேரமாகுது. ராத்திரி பூரா மேகம் வேற. பனி இறுகியிருக்காதே."

"பனியப் பத்தி எனக்கே பாடமா? உக்காருப்பா, இன்னொரு காபி குடி."

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். என் பேச்சை அவன் தட்டியதே இல்லை.

அவனை வெறுத்தேனா என்று கேட்டீர்கள். இல்லை. என் மகள் செராய்னா அவனைக் கட்டிக்கொண்ட அன்று, கல்யாண வீட்டில் கால் வலிக்க ஆடியவன் நான்.

போன வசந்தத்தில் ஒருநாள், விடியும் முன் அவள் ஃபோன் செய்தாள். "அப்பா, நாங்க கிழக்குச் சரிவுல போகலாமா?" என்றாள். இரவு வானம் தெளிந்திருந்தால் பனி இறுகும், மேகம் மூடியிருந்தால் இறுகாது. ஜன்னல்வரை எழுந்துபோகச் சோம்பல். "கல்லு மாதிரி இருக்கும், போம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். மதியம் சரிந்த பனிக்கு அடியிலிருந்து அவளைத் தோண்டி எடுத்தோம்.

நான் சொன்னதை அவள் பக்கத்திலிருந்து கேட்டவன் குர்தின் ஒருவன்தான். விசாரணையில் அவன் வாய் திறக்கவில்லை. அடக்கத்தன்று என் தோளைப் பிடித்து, "உங்க மேல தப்பில்ல மாமா. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றான். அதன்பிறகு ஞாயிறுதோறும் அக்ரூட் கேக்கோடு வருவான். "அத விடுங்க மாமா" என்பான். போகும்போது மறுபடியும் சொல்வான். கேக் நன்றாகத்தான் இருக்கும்.

"அவ போன இடத்த ஒரு தடவ பாக்கணும்ப்பா" என்று அவனை அழைத்தவன் நான்தான்.

உச்சிவெயிலில் அந்தச் சரிவை அடைந்தோம். ஒருவர் கடந்த பிறகே அடுத்தவர் வருவது முறை. நான் முதலில் கடந்தேன். ஊன்றுகோல் பிடிவரைக்கும் பனியில் இறங்கியது. எதிர்ப்பக்கப் பாறைமேல் ஏறி நின்றேன்.

"மாமா, எப்படி இருக்கு? வரலாமா?"

"கல்லு மாதிரி இருக்கு, வாப்பா."

அவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு வந்தான். பாதி வழியில் பனி பெயர்ந்து அவனை மூடியது.

ஈரப்பனி மெதுவாகத்தான் சரியும். நின்றதும் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். புதைந்தால் இடம் காட்ட அவன் மார்பில் கட்டியிருந்த கருவியின் ஒலி என் கருவியில் தெளிவாகக் கேட்டது. என் முதுகில் மண்வெட்டி இருந்தது. கால் மணி நேரத்துக்குள் தோண்டினால் பெரும்பாலும் பிழைப்பார்கள் என்று ஊருக்கே சொல்லிக்கொடுப்பவன் நான். ஒலி தொந்தரவாக இருந்தது. அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

குர்தினைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். செராய்னாவின் சாவை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அவள் ஃபோன் செய்த அன்று நான் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். வானம் நிறைய நட்சத்திரம் இருந்தது. இல்லையென்று சொல்ல இப்போது யாரும் இல்லை.