டர்பைன் ஆறும்வரை

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, சார். அட்டையை மடித்து வைத்தால் ஆட்டம் நின்றுவிடும். வேண்டாமா? சரி, பரவாயில்லை.

என் பெயர் கஸ்தூரிரங்கன். அல்சூர்க்காரன். பெங்களூர் விமான எஞ்சின் தொழிற்சாலையில் டர்பைன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரிச்சர்ட்ஸ் டவுனில் அல்போன்சா வீட்டு ஷெட்டில் நிற்கிறதே ஒரு பந்தயக் கார், அதை மறுபடி ஓட வைத்தது நான்தான். அவர் கணவர் ஸ்டான்லி என் நண்பர். அவர் போன பிறகு கார் தார்ப்பாய்க்குள் கிடந்தது.

பார்வைக்கு அது சாதாரணக் குடும்பக் கார். டூரிங் கார் பந்தயத்தின் அழகே அதுதான். உருவம் கடையில் விற்கும் காருடையதாக இருக்க வேண்டும். உள்ளே கொஞ்சம் விளையாடிக்கொள்ளலாம். எழுபதுகளின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் ஒரு சின்னக் கம்பெனி அதற்குள் டர்போவைப் பொருத்தியது. வீணாக வெளியேறும் புகை டர்பைன் என்கிற ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். மிதித்தவுடன் ஒன்றும் நடக்காது. கொஞ்சம் காத்திருக்க வேண்டும். பிறகு முதுகில் உதைத்த மாதிரி பாயும். அந்தக் காத்திருப்பு தெரியாத ஓட்டுநர்கள் வளைவுகளில் சுவரைத் தேடிப் போனார்கள். விதியை மாற்றினார்கள், கம்பெனியும் மூழ்கிப்போயிற்று. பத்துக்கும் குறைவாகத்தான் செய்திருந்தார்கள். அதில் ஒன்றைக் குன்னூரில் தோட்டத்தை விட்டு ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் ஸ்டான்லி வாங்கினார்.

நான் தார்ப்பாயைத் தூக்கியபோது சீட்டுக்குள் எலிகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. புழுக்கை, மூத்திரம், அழுகிய குட்டி ஒன்று. எல்லாவற்றையும் என் கையால் எடுத்துப் போட்டேன். அருவருப்பாக இல்லை. எலி தெரியாமல் செய்கிறது.

கவியரசன் அப்படி இல்லை. படித்தவன். அல்போன்சாவின் மகள் பவுலினைக் காதலித்துக் கட்டியவன். ஊர் ஆம்பூர் பக்கம், வேலை ஐ.டி. கம்பெனியில். நல்ல பையன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நானும் மறுக்கவில்லை. எனக்குக் காபி கொண்டுவந்து தருவான். ஒருநாள் கார் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றான். தின்றுவிட்டு விரல்களைச் சூப்பினான், ஒவ்வொன்றாக. மிச்ச எண்ணெயைச் சீட்டின் ஓரத்தில் துடைத்தான். நான் புதிதாகத் தைத்த சீட்.

"அங்கிள், வண்டி செம்ம லுக்கு. ஆனா இந்த பெட்ரோல் ஸ்மெல்தான் தாங்கல" என்றான். "மம்மிகிட்ட பேசிட்டேன். இன்ஜினத் தூக்கிட்டு பேட்டரி மோட்டர் போட்டுடலாம்னு இருக்கேன். பாடி மட்டும் இருந்தா போதும்."

"எஞ்சினை என்ன பண்ணுவே?"

"அது எதுக்கு அங்கிள்? காயலாங் கடைக்குப் போட்டுடலாம். இல்ல, மேல கண்ணாடி வச்சு டீப்பாய் பண்ணலாம், சூப்பரா இருக்கும்."

பேசும்போது அவன் உதட்டோரத்தில் மாவுத் துணுக்கு ஒட்டியிருந்தது. அது மேலும் கீழும் அசைந்ததை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது.

நான் அல்போன்சாவிடம் பேசிப் பார்த்தேன். "ரங்கன், வண்டி வண்டிதானே? பசங்க ஆசப்படறாங்க, விடுங்க" என்றார். ஸ்டான்லியின் மனைவி இப்படிச் சொன்னது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் நான் சத்தம் போடவில்லை. நான் சத்தம் போடுகிற ஆள் இல்லை.

"எஞ்சினை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை நீயே ஓட்டிப் பாரு" என்று கவியரசனிடம் சொன்னேன். சின்னக் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பெண்கள் இருவரும் சர்ச்சில் பூசைக்குப் போயிருந்தார்கள். ஹொஸ்கோட்டே வரை ஓட்டிவிட்டு வந்தோம். நன்றாகவே ஓட்டினான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் தடவை டர்போ பிடித்தபோது வாய்விட்டுச் சிரித்தான். திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. காரை ஷெட்டுக்குள் விட்டதும் சாவியைத் திருப்பப் போனான். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

அது நியாயமான காரணம், சார். எந்த மெக்கானிக்கை வேண்டுமானாலும் கேளுங்கள். வேகமாக ஓடி வந்த டர்பைன் கொதித்துக்கொண்டிருக்கும். உடனே நிறுத்தினால் எண்ணெய் ஓட்டம் நின்று, அந்தச் சூட்டில் தண்டைச் சுற்றியிருக்கும் எண்ணெய் கரியாகிவிடும். மெதுவாக ஓடவிட்டு ஆறவைக்க வேண்டும்.

"மீட்டர் முள்ளைப் பாத்துக்கிட்டே லேசா மிதிச்சுட்டு இரு. நான் சொல்றவரைக்கும் இறங்காதே" என்றேன். சாரல் அடிக்கிறது என்று கண்ணாடிகளை ஏற்றினேன். வெளியே வந்து ஷட்டரை இறக்கினேன்.

அந்தக் காரில் புகைக்குழாய் பின்பக்கம் வரை போகாது. எடை கூடும் என்று டிரைவர் கதவுக்குக் கீழேயே முடித்துவிட்டார்கள். டிரைவர் காலடியில், தரையில், ஒரு ஓட்டையை அடைத்து ரப்பர் மூடி உண்டு. அதை நான் முந்தைய நாளே கழற்றி என் பையில் போட்டிருந்தேன். பந்தய சீட் பெல்ட்டின் பூட்டு பழசு. ஒரு பக்கமாக அமுக்கித் திருப்பினால்தான் கழலும். அந்தப் பக்கம் எது என்று அவனுக்கு நான் காட்டவில்லை.

ஷெட்டின் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் தலையைத் தேய்த்தான். பிறகு பெல்ட்டோடு கொஞ்சம் போராடினான். என்னைப் பார்த்துவிட்டு, காரின் கண்ணாடியை உள்ளங்கையால் தட்டினான். நான் கையைக் காட்டினேன், கொஞ்சம் பொறு என்று. அவன் என்னை நம்பினான் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் எஞ்சின் சத்தம் குறையவில்லை, கால் அப்போதும் மிதிமேல்தான் இருந்தது. பிறகு வாந்தி எடுத்தான்.

அதை நான் எதிர்பார்க்கவில்லை. நெஞ்சிலும் சீட்டிலும் கியர்த் தண்டின் இடுக்கிலும் வழிந்தது. பஜ்ஜி நாளைவிட மோசம்.

எஞ்சின் ஆறியதும் ஷட்டரைத் தூக்கினேன், புகை போகட்டும் என்று நின்றேன், சாவியைத் திருப்பினேன். அவனுக்கு நாடி இருந்தது. மெல்ல, ஆனால் இருந்தது. அவனைத் தரையில் கிடத்திவிட்டுச் சீட்டைத் துடைக்க ஆரம்பித்தேன். புளிப்பு உள்ளே இறங்கிவிட்டால் சீட்டின் தோல் வெளுத்துவிடும். பிறகு எதனாலும் சரிசெய்ய முடியாது. முதலில் ஈரத்துணி, அப்புறம் சோப்பு நுரை, அப்புறம் உலர்துணி. தையலின் இடுக்குகளைப் பல்தேய்க்கும் பிரஷ்ஷால் எடுத்தேன். ரப்பர் மூடியைத் திரும்பப் பொருத்தினேன். அதன் பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அப்போது நாடி பார்க்கவில்லை, கை ஈரமாக இருந்தது.

விபத்து என்று நீங்களே எழுதி முடித்துவிட்டீர்கள். உங்கள்மேல் தவறில்லை.

அடக்கம் முடிந்த பிறகு பவுலின் என்னிடம் வந்தாள். "அங்கிள், கடைசியா அவர் ஏதாச்சும் சொன்னாரா?" என்றாள். சிரித்துக்கொண்டு ஓட்டினான் என்று சொன்னேன். அது பொய்யில்லை. என் தோளில் சாய்ந்து அழுதாள். மூக்கு ஒழுகி என் சட்டை நனைந்தது. நான் அசையாமல் நின்றேன். நிமிர்ந்ததும் சொன்னாள்: "அந்த வண்டிய இனி நான் பாக்கவே கூடாது. திங்கக்கிழமை உடைக்க ஆள் வர்றாங்க."

இன்றே வந்ததற்குக் காரணம் அதுதான். கொலை வழக்கு என்று பதிவானால் கார் வழக்குச் சொத்தாகிவிடும், இல்லையா? தீர்ப்பு வரும்வரை யாரும் அதில் கைவைக்க முடியாது. நம் ஊரில் தீர்ப்பு வர எத்தனை காலம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

வேண்டாம், அப்படி எழுதாதீர்கள். அந்தப் பெண்ணுக்கு உண்மை தெரியவேண்டும் என்று மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், அதுதான் சரி. காரை மட்டும் உங்கள் வாசலில் அந்த மரத்தடியில் நிறுத்தாதீர்கள், சார். காக்கை எச்சம் பட்டால் பெயின்ட் வெந்துபோகும்.