படம் முடிந்தது கடற்கரையிலா, விமான நிலையத்திலா?

பொக்ஸில்: ...இல்ல சம்பந்தியம்மா, அவன் எடுத்த படத்துல குறைன்னு ஒண்ணு கண்டிப்பா சொல்லியே ஆகணும்னு என் மகன் போன்லயே சொல்லிட்டான். நல்லாருக்குன்னு மட்டும் சொன்னா சாப்பிடாம எந்திரிச்சுப் போயிடுவானாம்.

ஜொங்நிம்: எனக்கும் அதே உத்தரவுதான். ஒரு நிறை, ஒரு குறை. மாமியார்னுகூடப் பார்க்கல மாப்பிள்ளை.

பொக்ஸில்: அவன் வண்டிய நிறுத்திட்டு ஹோட்டலுக்குள்ள வர்றதுக்குள்ள நாம பேசி வச்சுக்கலாமா?

ஜொங்நிம்: வச்சுக்கத்தான் வேணும். ரெண்டு பேரும் ஒரே குறையைச் சொல்லிட்டா பிள்ளை உடைஞ்சு போயிடும். அந்தக் கத்தரிக்கோலை இப்படிக் குடுங்க, இந்த முட்டைக்கோஸ் கிம்ச்சிய நான் வெட்டுறேன்.

பொக்ஸில்: ஐயோ, நீங்க எதுக்கு...

ஜொங்நிம்: பொண்ணைக் குடுத்தவ நான். நான்தான் வெட்டணும்.

பொக்ஸில்: பொண்ணை எடுத்தவ நான். என் மரியாதை என்ன ஆகுறது?

ஜொங்நிம்: சரி, ஆளுக்குப் பாதி.

பொக்ஸில்: உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றாரு?

ஜொங்நிம்: அவரு என்ன சொல்ல, கல்யாணத்தப்பவே பேசினதுதானே. இந்தப் படமும் ஓடலேன்னா கேமராவைக் கீழ வச்சுட்டு எங்க மீன் வடைக் கடைக்கு வந்துடணும். மாப்பிள்ளையும் தலையாட்டிட்டாரு.

பொக்ஸில்: அவன் கையில மீனைக் குடுத்தா மீனுக்குத்தான் கஷ்டம். படம் எடுக்காட்டி இவனுக்குச் சோறே இறங்காது சம்பந்தியம்மா...

ஜொங்நிம்: அதான் ஓடுதே, அப்புறம் என்ன? முந்தாநாள்கூட "நல்லா ஓடுது அத்தை"ன்னாரே.

பொக்ஸில்: ஆமாமா... ஓடுது. நல்லாவே ஓடுது. நான் சனிக்கிழமை போனப்போ... அப்பப்பா.

ஜொங்நிம்: கூட்டமா?

பொக்ஸில்: ...கால் வைக்க இடமில்ல.

ஜொங்நிம்: நான் போன அன்னைக்கும் அப்படித்தான். எனக்கு முன்னால ஒருத்தன், தலையா அது? பூசணிக்காய்!

பொக்ஸில்: சரி, நிறையைச் சொல்லுங்க.

ஜொங்நிம்: நீங்க மூத்தவங்க. நீங்க முதல்ல.

பொக்ஸில்: அந்தப் பொண்ணு... கல்யாணமே ஆகாம ஆபீஸ்ல "எனக்குப் புருஷன் இருக்கான்"னு பொய் சொல்றாளே...

ஜொங்நிம்: அது! புத்தாண்டுக்கு வீட்டுக்கு வந்தப்பவே மாப்பிள்ளை கதையாச் சொன்னாரு.

பொக்ஸில்: சொன்ன மாதிரியே எடுத்திருக்கான் பாருங்க.

ஜொங்நிம்: அச்சு அசல்.

பொக்ஸில்: பொய் சொல்றப்போ அவ முழிக்கிறதே இல்ல. வாயில சோத்தை வச்சுக்கிட்டே சொல்றா. அதான் நிறை. திணறித் திணறிச் சொல்ற பொய்யைப் பார்த்தா நமக்கே வேர்க்கும். சும்மா தண்ணி மாதிரி வர்ற பொய்க்குத்தான் சிரிப்பு வரும்.

ஜொங்நிம்: நீங்க பத்திரிகையில எழுதலாம் போல. அப்போ குறை என்னுது. பக்கத்து வீட்டுக்காரனைப் புருஷன்னு காட்டுறா இல்ல... அவனைப் பெத்தவளும் அதை அப்படியே நம்பிடுறா. எந்த அம்மா நம்புவா?

பொக்ஸில்: ...நம்ப மாட்டா. நம்பின மாதிரி இருப்பா.

ஜொங்நிம்: அதைத்தான் சொல்றேன். அந்த அம்மாவுக்கு ஒரு பார்வையாவது குடுத்திருக்கலாம்.

பொக்ஸில்: அப்புறம், இழுவை ஜாஸ்தி. உண்மைய முதல் பாதியிலயே சொல்லித் தொலைச்சிருக்கலாம். கடைசியில கடற்கரையில நின்னு அழற வரைக்கும் இழுக்கணுமா?

ஜொங்நிம்: கடற்கரையா?

பொக்ஸில்: ஏன்... இல்லையா?

ஜொங்நிம்: விமான நிலையம் இல்ல?

பொக்ஸில்: விமானத்துல ஏறினா கடல் தெரியுமே.

ஜொங்நிம்: தெரியும், தெரியும். நல்லாவே தெரியும்.

பொக்ஸில்: நீங்க கடைசியில கொஞ்சம் கண்ணசந்துட்டீங்களோ?

ஜொங்நிம்: நானா? நீங்கதான் கண்ணாடி போடாமப் பார்த்திருப்பீங்க.

பொக்ஸில்: உஷ்... வர்றான். சிரிங்க.

வொன்சொக்: இந்தப் பூசான் ஊர்ல வண்டி நிறுத்த இடம் தேடுறதுக்கே ஒரு ஆயுசு வேணும். மன்னிச்சிடுங்க அத்தை. என்னம்மா இது, கிம்ச்சி பாதி கட்டையாவும் பாதி பொடியாவும் கிடக்கு?

பொக்ஸில்: உன் மாமியாரும் நானும் கூட்டாச் செஞ்சது. உட்காருடா.

ஜொங்நிம்: வாங்க மாப்பிள்ளை. என் பொண்ணு நாரே வரலையா?

வொன்சொக்: கடையில அவ அப்பாவுக்கு ஒத்தாசையா இருக்கா. சரி, சொல்லுங்க. பொய் மட்டும் வேண்டாம்.

ஜொங்நிம்: பொய்யைப் பத்திப் படம் எடுத்துட்டு, பார்க்கிறவங்க மட்டும் பொய் சொல்லக் கூடாதுன்னா எப்படி?

வொன்சொக்: அத்தை... அந்த மழைக் காட்சி எப்படி இருந்துச்சு?

ஜொங்நிம்: மழையா! உட்கார்ந்த இடத்துலயே நனைஞ்சுட்டேன் மாப்பிள்ளை.

பொக்ஸில்: எனக்குச் சளியே பிடிச்சிருச்சு.

வொன்சொக்: படத்துல மழையே இல்லம்மா.

பொக்ஸில்: ...அதான்டா குறை. ஒரு மழை வச்சிருக்கலாம்.

வொன்சொக்: என்னைக்குப் போனீங்க ரெண்டு பேரும்?

ஜொங்நிம்: நான் வெள்ளிக்கிழமை.

பொக்ஸில்: நான் நேத்து, சனிக்கிழமை. கூட்டம்னா கூட்டம், அப்படி ஒரு...

வொன்சொக்: அம்மா. புதன்கிழமையே தூக்கிட்டாங்கம்மா. எல்லாத் தியேட்டர்லயும். ஓடுது ஓடுதுன்னு நான்தான் அளந்துக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு மாமாகிட்டச் சொல்லிடப் போறேன். பேசினபடி நாளைக்கே கடைக்கு வந்துடுறேன். ஆனா, பார்க்காத படத்துக்கு எதுக்கும்மா இவ்வளவு...

பொக்ஸில்: பார்க்கத்தான்டா போனேன். புதுக் கோட்டைப் போட்டுக்கிட்டு. பாப்கார்ன் விக்கிற பொண்ணு "அந்தப் படம் போயிடுச்சு பாட்டி"ன்னா. சொல்ல உனக்கே வாய் வரல, அதை நான் எதுக்குக் கேட்டு... மன்னிச்சிடுங்க சம்பந்தியம்மா. நீங்க முழுசாப் பார்த்திருக்கீங்கன்னு பயந்துதான் நானும் அடிச்சு விட்டேன்.

வொன்சொக்: அப்போ அத்தை, நீங்க?

ஜொங்நிம்: எனக்கும் அதே பதில்தான் கிடைச்சுது. ஆனா நான் நேரா வீட்டுக்குப் போய், உங்க மாமாகிட்ட "வாசல் வரைக்கும் வரிசை, மாப்பிள்ளையை இனிக் கையில பிடிக்க முடியாது"ன்னு சொல்லிட்டேன். அவரும் உங்களுக்குன்னு வச்சிருந்த வேலைக்கு வேற ஆளைச் சேர்த்துட்டாரு. அதனால அடுத்த படம் எடுக்கிறதைத் தவிர உங்களுக்கு வேற போக்கிடம் இல்ல மாப்பிள்ளை... சூப்புக்குச் சொல்லுங்க, பசிக்குது.