யார் இறங்கச் சொன்னது

— சோறு கெடக்கட்டும்க்கா. மொதல்ல தண்ணி தா.

— தாரேன். சாவடியில என்ன முடிவாச்சு, அதைச் சொல்லு.

— தொண்டை காஞ்சு கெடக்கு. குடிச்சிட்டுச் சொல்றேன்.

— இந்தா... மெதுவாக் குடிடா, பொரை ஏறப் போகுது. விடிஞ்சதும் போனவன், பொழுது சாயப் போற நேரத்துல வார. ஊருணிக்கு ஒரு கூட்டம், அதுக்கு இம்புட்டு நேரமா?

— எல்லாரும் பேசணும்ல.

— நீ பேசுனியா?

— கேட்டாக. பேசுனேன்.

— ரங்கூன்ல இருந்து ஒரு பொத்தகம் கொண்டாந்தியே, அதுல உள்ளதையா?

— கிண்டலாக்கும்.

— கிண்டல் என்னடா பூமிநாதா. ஆறு மாசமா இந்த வீட்டுல அதுதான வேதம். அவனவன் தன் நலத்தை யோசிச்சு நடந்தா ஒலகத்துல சண்டையே இருக்காதும்ப. எல்லாரும் கதர் உடுத்துறாக, எனக்கும் ஒண்ணு வாங்கியாடான்னா, 'உடம்பு அரிக்கும், யாருக்காக உடுத்தப் போற'ன்ன...

— உடுத்திப் பாத்தேல்ல. அரிச்சதா இல்லையா?

— அரிக்கத்தான் செஞ்சது.

— பெறகென்ன. தேசமா வந்து சொறிஞ்சு விடப் போகுது?

— ம்... கோயிலுக்குள்ள சேரிச் சனத்தை விடலாமான்னு செம்மலை மாமா கேட்டதுக்கு, 'தேர் இழுக்க ஆளு பத்தலை, நமக்குத்தான் லாபம், விடுங்க'ன்ன. மாமா துண்டை ஒதறிக்கிட்டு எந்திரிச்சுப் போனாக.

— அவுகளுக்குப் புரியலை.

— எனக்குப் புரிஞ்சதுடா. ஊருணி விசயத்துல நீ சொன்னது நல்லாவே புரிஞ்சது.

— இப்ப எதுக்குக்கா அது.

— சேரியில கண்மாய்ச் சேத்துத் தண்ணியைக் குடிக்கிறாக, வாந்திபேதி வருது. அங்க வந்தது நம்ம தெருவுக்கு வர எத்தனை நாளாகும்? அதனால அவுகளும் ஊருணியில மொண்டுக்கிறது நமக்கே நல்லது. எரக்கப்பட வேணாம், யோசிச்சாப் போதும். இப்படித்தான சொன்ன?

— சொன்னேன்.

— இன்னைக்குச் சாவடியில சொன்னியா?

— அதைச் சொல்ற எடமா அது.

— அதைச் சொல்றேன்னுதானடா வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போன.

— கூட்டமே மாறிப் போச்சுக்கா. ஊருணியைத் தெறந்து விடலாமாங்குற பேச்சே வரலை. செவ்வாக்கெழம சேரி ராக்காயி படியில எறங்கி, அவ குடத்தை அவளே முக்கி மொண்டுட்டா. நம்ம சனம் மேல நின்னு ஊத்தணும், அவுக கீழ நின்னு ஏந்திக்கிறணும். அதுதான மொறை. மொறை கெட்டது யாராலன்னுதான் விசாரணை.

— யாருன்னு பேரு சொன்னாகளா?

— காவக்காரன் தூரத்துல இருந்து பாத்திருக்கான். நம்ம தெருப் பொம்பளை ஒருத்தி மேல நின்னு கையைக் காட்டி எறங்கச் சொன்னாளாம். மொகம் தெரியலையாம்.

— ஓகோ... தெரியலையாமா.

— அப்பத்தான் தலைமையில உக்காந்திருந்த பெரியம்பலம் என்னைய எழுப்பி விட்டாக. 'தம்பி, ஓன் வீட்டுக்கு எதுத்தாப்புலதான் ஊருணிப் படி. நீ ஏதும் பாத்தியா'ன்னாக.

— நீ பாத்தியாடா?

— பாத்தேன். சன்னல் வழியா.

— இத்தனை நாளு என்கிட்டக் கேக்கவே இல்ல.

— கேட்டு என்ன ஆகப் போகுதுன்னு இருந்தேன்... எதுக்குக்கா அவளை எறங்கச் சொன்ன? எப்பயும் போல நீயே ஊத்தியிருக்கலாம்ல.

— கை வலிடா. தோள்பட்டையைத் தூக்க முடியலை.

— அப்ப நாளைக்கு வாடின்னு அனுப்பியிருக்கலாம்.

— அவ புள்ளைக்கு மூணு நாளாக் காய்ச்சல். நாக்கு வறண்டு கெடக்கு. அதோட... நீ சொன்னதும் ஞாபகத்துக்கு வந்துச்சு. நமக்கே நல்லதுதானன்னு.

— என் மேல போடாத.

— போடலை. நடந்ததைச் சொல்றேன். சரி, அம்பலத்துக்கு என்ன பதில் சொன்ன?

— சாப்புட்டுட்டுப் பேசுவோமே.

— சோறு கெடக்கட்டும்னு நீதான சொன்ன. பேசு.

— யோசிச்சுப் பாத்தேன்க்கா. உன் பேரைச் சொன்னா நம்ம வீட்டை ஊரை விட்டு ஒதுக்குவாக. நெருப்பு, தண்ணி கெடையாது. வண்ணான் வாசலை மிதிக்க மாட்டான். நீ தாலியறுத்து வந்து நிக்கிற பொம்பளை...

— என்னைய விடு.

— எப்படி விடுறது? அடுத்த மாசம் நான் பினாங்குக்குக் கப்பல் ஏறணும். கொத்தமங்கலத்துச் செட்டியார் கடையில எடம் சொல்லியாச்சு. ஊரு ஒதுக்குனவனை அவுக கடைக்கு எடுப்பாகளா?

— ஆக, கப்பல்.

— கப்பல் மட்டும் இல்ல. நீயும்தான். நம்ம ரெண்டு பேரு நலமும்.

— ராக்காயி நலம்?

— அது அவ பாக்க வேண்டியது. நான் ஒண்ணும் புதுசாச் சொல்லலைக்கா. ஒருத்தருக்காக இன்னொருத்தர் தன்னை அழிச்சிக்கிறது பெருமையே இல்லை. யோசிச்சுப் பாத்தா...

— பூமி. அம்பலத்துக்கிட்ட என்ன சொன்ன?

— 'யாரும் எறங்கச் சொல்லலை. அவளா எறங்குனா'ன்னேன்.

— அவ அங்க இருந்தாளா?

— வெளியில வெயில்ல உக்கார வச்சிருந்தாக. அவளையும் அவ புருசன் சின்னக்கருப்பையும். நான் எந்திரிச்சதும் அவனும் எந்திரிச்சு நின்னான். அவனுக்கு நாலெழுத்துச் சொல்லிக் குடுத்தவன்ல நான்... தனக்காகப் பேசுவேன்னு நெனச்சிருப்பான்.

— ராக்காயியைக் கேட்டாகளா?

— கேட்டாக. அவ என் மொகத்தைப் பாத்தா. பெறகு, 'ஆமா சாமி, நானாத்தான் எறங்குனேன்'ன்னுட்டா. உன் பேரு அவ வாயில வரவே இல்லை.

— வராது.

— ம்.

— அவளுக்கு அதுல என்னடா நலம்?

— தெரியலைக்கா. வார வழியெல்லாம் அதைத்தான் யோசிச்சேன். பிடிபடவே இல்லை.

— தீர்ப்பு?

— சித்திரை முடியுற வரைக்கும் அவுக தெருவுக்கு யாரும் ஊருணித் தண்ணி ஊத்தக் கூடாது. பொண்டாட்டி செஞ்ச குத்தத்துக்குச் சின்னக்கருப்புக்குப் பன்னெண்டு அடி. புளிய வெளாறு.

— அடிச்சிட்டாகளா?

— நான் பாக்கலை. தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

— சத்தம் கேட்டிருக்குமே.

— கேட்டுச்சு... எண்ணிக்கிட்டே இருந்தேன்.

— கண்மாயில சேறும் வத்திப் போச்சுடா. அந்தப் புள்ளை எதைக் குடிக்கும்?

— கொஞ்ச நாளு போகட்டும்க்கா. ஆறுனப்பறம் உனக்கும் கை தேவலையானா, யாருக்கும் தெரியாம...

— எனக்குக் கையெல்லாம் வலிக்கலைடா.

— என்னக்கா சொல்ற?

— ஏழு வருசமா நான் மேல நிக்கிறேன், அவ கீழ ஏந்துறா. பாதித் தண்ணி மண்ணுல போகும். அன்னைக்கு ஒரு கையில காச்சக்காரப் புள்ளை, ஒரு கையில குடம். புள்ளை அந்தத் தண்ணியைப் பாத்துக்கிட்டே அழுகுது. எனக்குச் சீன்னு போச்சு. நீயே மொண்டுக்கடின்னேன். உன் பேச்சும் கொஞ்சம் தைரியம் குடுத்துச்சு, அது பொய்யில்லை.

— பெறகெதுக்குக் கை வலின்ன?

— வேணும்னு செஞ்சேன்னா நீ பயந்துருவன்னுதான்.

— அக்கா, நான் சொல்றதை நம்பு. அம்பலம் கேட்டப்ப, உன் பேரு அவுக காதுக்குப் போயிறக் கூடாதுங்குறதுதான் எனக்கு மொத நெனப்பு. கப்பல் ரெண்டாவதுதான்.

— நம்புறேன்டா.

— நம்புனா ஏன் அழுகுற?

— என் பேரு அவுக காதுக்கு நேத்தே போயிருச்சுடா. நான்தான் போனேன். அம்பலம் வீட்டுக் கொல்லையில நின்னு, 'நான்தான் எறங்கச் சொன்னேன், அவளை ஒண்ணும் செஞ்சிராதீக'ன்னு கும்புட்டேன். 'போத்தா, ஓன் தம்பி படிச்சவன், நாளைக்குச் சபையில அவன் சொல்றதை வச்சு முடிவு பண்ணிக்கிறோம்'னாக. முன்னாடியே உன்கிட்டச் சொன்னா உக்காந்து யோசிக்க ஆரம்பிச்சிருவன்னு சொல்லலை. திடீர்னு கேட்டா என் பேரைத்தான் சொல்லுவன்னு நெனச்சேன்.