அடுப்புக்கும் மூச்சுக்கும் ஒரே சிலிண்டர்

தண்ணீர் ஏறுகிறது. மாடிப்படியில் பாதியை விழுங்கிவிட்டது. கீழ்வீட்டு முருகேசன் தன் குழந்தைகளை ஒவ்வொருவராக என் கையில் தூக்கித் தருகிறான்.

"ஏலே, சிலிண்டரப் பிடி! சிலிண்டரு போகுது!" என்று கத்துகிறேன்.

அவனால் பிடிக்க இயலவில்லை. மாடிப்படிக்கு அடியில் நாங்கள் வைத்திருந்த நிறைந்த சிலிண்டர் அது. மிதந்தது. சுவரில் மோதி மணிபோல் ஒலித்தது. வாசல் வழியே தெருவுக்குப் போயிற்று.

மேற்கே குளம் உடைந்து, தூத்துக்குடிக்குள் வெள்ளம் புகுந்த காலை அது. மின்சாரம் இல்லை. கைபேசி ஊமை. என் மனைவி செல்லக்கனி ஆக்சிஜன் மிஷினால் மூச்சு விடுகிறாள். மிஷின் ஜெனரேட்டரால் ஓடுகிறது. ஜெனரேட்டருக்கு மிஞ்சியது ஒரே சிலிண்டர்.

ஏன் எரிவாயு என்று பின்னாளில் பலர் வினவினர். விடையளிப்பது என் கடமை. பெட்ரோலைத் தேக்கிவைத்தால் நாளடைவில் கெடும். தீ அச்சமும் உண்டு. டீசல் புகை அவள் நுரையீரலுக்கு ஆகாது. எரிவாயுவுக்குப் புகை குறைவு. சமையலுக்கென்று வீட்டில் எப்போதும் இரண்டு சிலிண்டர் இருக்கும். ஆராய்ந்தே தேர்ந்தேன். மீன்பிடி வள்ளம் ஓட்டும் என் நண்பர் செபஸ்தியான், ஜெனரேட்டர் வாங்கிய அன்று சிரித்தார். "கடல் கெடக்குற ஊர்ல டீசலுக்குப் பஞ்சமா அண்ணாச்சி? சோறு பொங்குற நெருப்புல மிஷின் ஓட்டப் போறீயளாக்கும்."

மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் ஜெனரேட்டர் இரைகிறது. நனையாத விறகு ஒரு குச்சிகூட இல்லை. மாலைக்குள் முருகேசனின் கைக்குழந்தையின் அழுகை மெலிந்து, பூனைக்குட்டியின் ஒலியாயிற்று. பால்மாவு இருந்தது. வெந்நீர் இல்லை. முருகேசன் கேட்கவில்லை. அவன் மனைவியும் கேட்கவில்லை. இருவரும் சிலிண்டரைப் பார்க்காமல் அமர்ந்திருந்தனர்.

செல்லக்கனி பார்த்தாள்.

"பச்சப்பிள்ள அழுவுது. அடுப்பப் பத்த வைங்க."

மறுத்தேன். மூக்குக் குழாயைத் தன் கையாலேயே கழற்றினாள்.

ஜெனரேட்டர் நிற்கிறது. அடுப்பு சீறுகிறது. பால். பின்னர் கஞ்சி. அவள் உதடு நீலம் பாரிக்கிறது. சிலிண்டரை மீண்டும் ஜெனரேட்டருக்கு மாற்றுகிறேன். மீண்டும் மிஷினின் மூச்சு.

மறுநாள் காலையும் அவ்வாறே கஞ்சி காய்ச்சினோம். அதன்பின் ஜெனரேட்டர் இருமிற்று. நின்றது. சிலிண்டரைச் சாய்த்தோம். குலுக்கினோம். ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்து இழுத்து முருகேசனின் உள்ளங்கை கிழிந்தது. நண்பகலில் செல்லக்கனியின் மூச்சு என் தோளில் அடங்கிற்று.

பிறகே தெருமுனையில் டக் டக் என்று எஞ்சின் ஓசை. செபஸ்தியானின் வள்ளம்.

"கரண்டு கம்பி கெடக்கு! ஒதுங்கி வாங்க!" முருகேசன் கத்தினான்.

வள்ளத்தில் ரொட்டி. குடிநீர். டீசல் நிறைந்த கேன்கள். செபஸ்தியான் மாடிக்கு வந்தார். ஜெனரேட்டரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்தார்.

இழந்தவை இவை. வெள்ளம் கொண்ட சிலிண்டர் ஒன்று. நாங்கள் எரித்துத் தீர்த்தது ஒன்று. கீழ்வீட்டுச் சாமான்கள் அனைத்தும். உயிர் ஒன்று, செல்லக்கனி.

பிள்ளைகளில் பசியோடு வள்ளம் ஏறியவர் எவருமில்லை.